இன்சூரன்ஸ் ஏஜென்ட் தேர்வில் இரண்டு மார்க்கில் தவறியவர் மறுபடி எழுதப் போகும் முன்

கேள்வி கேட்டிருப்பவர் மும்பை செம்பூரில் வசிக்கும் தமிழ்ப் பெண்மணி. ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆவதற்கான ஐ.சி. 38 தேர்வை எழுதி, 50க்கு 16 வாங்கியிருக்கிறார். எத்தனை நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்று மட்டும்தான் அவர் நேரடியாகக் கேட்டிருக்கிறார். ஆனால் அவர் எழுதியிருக்கும் பத்துப் பன்னிரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் அதற்குள் வேறு மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒருமுறை தவறியது எங்காவது பதிவாகிப் பின்னால் தொழிலைப் பாதிக்குமா என்பது ஒன்று. புத்தகத்தை இரண்டு முறை படித்தும் தவறியிருக்கும்போது, மூன்றாவது முறை படிப்பதால் என்ன மாறிவிடும் என்பது இன்னொன்று. அவரைச் சேர்த்துவிட்ட டெவலப்மெண்ட் ஆபீசர் (ஏஜென்ட்டுகளைச் சேர்த்து வேலை வாங்கும் கம்பெனி அலுவலர்), "அதுவரைக்கும் கிடைக்கிற பாலிசியையெல்லாம் என் மனைவியோட ஏஜென்ட் கோடில் போட்டு வைங்க, கமிஷனைத் தந்துவிடுகிறேன்" என்று சொல்கிறாரே, அதை ஏற்கலாமா என்பது மூன்றாவது. கடைசிக் கேள்வியை அவர் போகிற போக்கில்தான் கேட்டிருக்கிறார். எனக்கு அதுதான் மற்றவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மாட்டுங்கா, சயான், தாராவி வட்டாரத்தில் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட்டுகளுக்குத் தமிழிலும் அரைகுறை இந்தியிலும் பல ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்பு எடுத்துவருகிறேன். பயிற்சியே 100 மணி நேரம் என்று இருந்த காலத்தில் இந்தத் தேர்வை எழுதி, முதல் முறை தவறியவன் நான். ஆகவே தோற்றவரின் மனநிலை எனக்குச் செவிவழிச் செய்தி அல்ல. ஆயுள் காப்பீட்டுப் பிரிவைப் பற்றி மட்டுமே என்னால் அனுபவத்தோடு பேச முடியும். தீ, வாகனம் போன்ற பொதுக் காப்பீட்டுக்கான சர்வேயர் தேர்வும் புரோக்கர் தேர்வும் வேறு வேறு பாதைகள். கீழே சொல்வதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாதவை. தேர்வில் 50 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க். நேரம் ஒரு மணி. தேறுவதற்கு 35 சதவீதம். 50இல் 35 சதவீதம் என்பது பதினேழரை, அரை மார்க் என்பது இந்தத் தேர்வில் கிடையாது என்பதால் 18 வேண்டும். தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. ஒருமுறை தவறியவர் மறுபடி எழுதக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. புதிதாகப் பதிவுசெய்து, புதிதாகக் கட்டணம் கட்டி எழுதலாம். தேறியபின் கிடைக்கும் சான்றிதழ், முதன்முறையாக ஏஜென்ட்டாக நியமனம் பெறுவதற்குப் பன்னிரண்டு மாதம் செல்லும். அந்தக் கெடு தேறியவருக்குத்தான். தவறியவரின் தலைமேல் எந்தக் கடிகாரமும் ஓடவில்லை. ஊரில் எல்லோரும் இன்னும் லைசென்ஸ் என்றே சொல்கிறோம் என்றாலும், 2015ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத் திருத்தத்துக்கும் அதைத் தொடர்ந்து வந்த 2016 ஒழுங்குமுறைக்கும் பிறகு ஏஜென்ட்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் லைசென்ஸ் கொடுப்பதில்லை. நீங்கள் சேரும் இன்சூரன்ஸ் கம்பெனியே உங்களை நியமிக்கிறது. நியமனத்துக்கு அவர்கள் பார்ப்பது தேறிய சான்றிதழை; எத்தனையாவது முறையில் தேறினீர்கள் என்று பாலிசி எடுக்க வரும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் நான்காவது முறையில் தேறிய ஒருவர் இன்று தம் கிளையில் நல்ல பெயரோடு இருக்கிறார்.

கம்பெனிக்குக் கம்பெனி மாறுபவை வேறு சில உண்டு. மறுதேர்வுக் கட்டணத்தை யார் கட்டுவது, அடுத்த தேதிக்கு உங்கள் பெயரை அவர்கள் எப்போது ஏற்றுவார்கள், முன்பு முடித்த 25 மணி நேரப் பயிற்சியை அப்படியே ஏற்றுக்கொள்வார்களா அல்லது மறுபடி உட்காரச் சொல்வார்களா என்பவற்றைக் கிளையில் ஏஜென்சிப் பதிவைக் கவனிக்கும் அலுவலரிடம் நேரில் கேளுங்கள். டெவலப்மெண்ட் ஆபீசர் வழியாக மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு மாத இலக்கு உண்டு. "நாளைக்கே எழுதிடுங்க" என்று அவர் சொல்வது அந்த இலக்கின் அவசரம், உங்கள் தயாரிப்பின் அளவு அல்ல.

இனி ஏன் தவறினீர்கள் என்பதற்கு வருவோம். நீங்கள் எழுதியதில் ஒரு வாக்கியத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "தெரியாத ஏழு கேள்விகளைத் தொடவில்லை, தப்பாகிவிட்டால் மார்க் குறையும் என்று பயம்." மார்க் குறையாது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும், ஏழு கேள்விக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் மார்க் கிடைக்கும். நீங்கள் தவறியது இரண்டே மார்க்கில். கண்ணைத் திறந்துகொண்டு, வெளிப்படையாகப் பொருந்தாத இரண்டு விடைகளைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொட்டிருந்தால் அந்த ஏழில் மூன்று நான்கு சரியாகியிருக்க வாய்ப்பு உண்டு. வங்கித் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்த வீடுகளில் இந்த மைனஸ் மார்க் பயம் ஊறிப்போயிருக்கிறது. இந்தத் தேர்வில் அதற்கு வேலை இல்லை. ஐம்பதில் ஒன்றைக்கூட வெறுமையாக விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

இரண்டாவது காரணம் மொழி என்று நினைக்கிறேன். இதை என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் நீங்கள் பத்தாவது வரை இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர், வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், வகுப்பும் தமிழில் நடந்ததால் தேர்வுக்கும் தமிழைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இந்தக் கதையை மும்பையில் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பேசுகிற தமிழ் வேறு. கணினித் திரையில் ஒரு நிமிடத்துக்குள் படித்துப் பொருள் கொள்ள வேண்டிய மொழிபெயர்ப்புத் தமிழ் வேறு. ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி என்றால் ஒரு கேள்விக்கு 72 விநாடி. "பின்வருவனவற்றுள் எது காப்பீட்டு ஒப்பந்தத்தின் கூறு அன்று" என்ற வரியில் அந்தக் கடைசி "அன்று" கண்ணில் படாமல் போனால் விடை தெரிந்தவரும் தவறாகத்தான் தொடுவார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு வந்த தாராவிப் பெண்கள் தமிழ்த் தாளில் எளிதாகத் தேறுவதையும், அவர்களைவிட வேகமாகப் புரிந்துகொள்ளக்கூடிய கான்வென்ட் பெண்கள் அதே தாளில் திணறுவதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்பதை விடுங்கள். செய்தித்தாளை எந்த மொழியில் தடங்கலின்றிப் படிக்கிறீர்களோ அந்த மொழியில் எழுதுங்கள். அது ஆங்கிலம் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த மொழி என்பதைப் பதிவின்போதே குறிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்தவுடன் அதில் மொழி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மொழிச் சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வகுப்பில் நாங்கள் "இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். ஒரு மாணவி மூன்று வாரம் தவறாமல் வந்தார், குறிப்பும் எடுத்தார். கடைசி நாளன்று, "சார், இந்த இன்ட்ரஸ்ட் எத்தனை பர்சென்ட்டுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டார். சீட்டு நடத்தியவர், இன்ட்ரஸ்ட் என்றால் அவருக்கு வட்டி. மூன்று வாரமும் அவர் வட்டியைப் பற்றித்தான் குறிப்பு எடுத்திருக்கிறார். தவறு அவருடையது அல்ல, என்னுடையது. அன்றிலிருந்து அதை இப்படித்தான் தொடங்குகிறேன்: அந்த உயிரோ பொருளோ போனால் உங்களுக்குப் பணநஷ்டம் உண்டா, உண்டென்றால் அதன்மேல் காப்பீடு எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கணவன் மேல் மனைவிக்கு உண்டு. கடன் வாங்கியவர் மேல் கொடுத்தவருக்கு, கொடுத்த தொகை அளவுக்கு உண்டு. எதிர்வீட்டுக்காரர் மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் கிடையாது. தேர்வில் கேட்பது இதற்கு அடுத்த படியை: அந்த உரிமை எப்போது இருக்க வேண்டும்? ஆயுள் காப்பீட்டில் பாலிசி எடுக்கும்போது இருந்தால் போதும். தீக் காப்பீட்டில் எடுக்கும்போதும் இருக்க வேண்டும், நஷ்டம் நேரும்போதும் இருக்க வேண்டும். கப்பல் சரக்குக் காப்பீட்டில் நஷ்டம் நேரும்போது இருந்தால் போதும். சயானில் வீட்டை விற்றுவிட்ட ஒருவர் பழைய பாலிசிக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டே இருந்தாலும், அந்த வீடு எரிந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. வீடு போனதில் அவருக்கு நஷ்டமே இல்லை. மனைவி கணவன் மேல் எடுத்த ஆயுள் பாலிசியோ, பின்னால் விவாகரத்து ஆனாலும் அந்தக் காரணத்தால் செல்லாமல் போவதில்லை. இதை இப்படிக் கதையாகப் பிடித்துக்கொண்டால், கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை வரும்.

இதன் கூடவே வருவது நஷ்ட ஈட்டுக் கோட்பாடு. போனதற்கு மேல் ஒரு பைசாவும் இல்லை என்பது பொதுக் காப்பீட்டின் அடிப்படை. உயிருக்கு விலை போட முடியாது என்பதால் ஆயுள் காப்பீட்டில் அந்தக் கோட்பாடு பொருந்துவதில்லை. பாலிசியில் எழுதிய தொகை அப்படியே கிடைக்கும். ஒருவர் மூன்று கம்பெனிகளில் ஆயுள் பாலிசி வைத்திருந்தால் மூன்றும் முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும். வாழ்க்கை அனுபவத்தை வைத்து, "ஒரே சாவுக்கு எப்படி மூன்று இடத்தில் பணம் வரும்" என்று யோசிப்பவர்கள் இங்கே வழுக்கி விழுகிறார்கள்.

காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு எண்களைக் கண்டு பலர் பயப்படுவார்கள். தேவைப்படுவது கைவிரல் எண்ணிக்கைதான். தாராவி 90 அடி ரோட்டில் தையல் கடை வைத்திருந்த ஒரு மாணவர், துணி வெட்டும் மேஜை ஓரத்தில் சாக்குக்கட்டியால் எழுதி வைத்திருந்தார்: 38 மாற்றிக் கொடுக்க, 39 பெயர் எழுத, 41 தள்ளுபடி கூடாது, 45 மூன்று வருஷம். அசைன்மெண்ட் (பாலிசியை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது), நாமினேஷன் (பணம் யாருக்கு என்று பெயர் எழுதுவது), பிரீமியத்தில் ஏஜென்ட் தள்ளுபடி கொடுப்பதற்குத் தடை, மூன்று ஆண்டுக்குப் பின் எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்ற பாதுகாப்பு ஆகியவைதான் அந்த நான்கும். துணியைத் தட்டும்போதெல்லாம் எழுத்து அழிந்துபோகும், மறுபடி எழுதுவார். அந்த மறுபடி எழுதுதல்தான் அவருக்குப் படிப்பு.

அந்த 45ஆம் பிரிவிலிருந்தே இன்னொரு எச்சரிக்கை பிறக்கிறது. 2015 திருத்தத்துக்கு முன் அந்தக் கெடு இரண்டு ஆண்டாக இருந்தது. பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் காலம் நெடுநாள் வரை பொதுவாக 15 நாள். 2024 ஒழுங்குமுறைக்குப் பின் 30 நாள். பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் தீர்ப்பளிக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 30 லட்சமாக இருந்து 2023இல் 50 லட்சமானது. வாட்ஸ்ஆப்பில் சுற்றும் "கட்டாயம் வரும் 200 கேள்விகள்" பி.டி.எஃப்.களில் பெரும்பாலானவை பழைய எண்களையே தூக்கிக்கொண்டு திரிகின்றன. நீங்கள் அப்படி ஒன்றை மனப்பாடம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் இரண்டு மார்க்கில் ஒன்று அங்கேகூடப் போயிருக்கலாம். மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் ஐ.சி. 38 பாடநூல் கிடைக்கும். தற்போதைய பதிப்பை இறக்கிக்கொண்டு, அதை மட்டும் ஆதாரமாக வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு "ஒரிஜினல் கேள்வித்தாள்" தருகிறேன் என்பவரையும், "நீங்க வர வேண்டாம், ஆள் வைச்சு எழுதிடலாம்" என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கணக்கு வராது என்று சொல்லியிருக்கிறீர்கள். பயப்படும் அளவுக்கு அதில் கணக்கு இல்லை. மனித உயிர் மதிப்பு என்று ஒரு கேள்வி வரலாம். ஒருவர் ஆண்டுக்கு 6 லட்சம் சம்பாதிக்கிறார், அதில் தமக்கென்று 1,20,000 செலவழிக்கிறார். குடும்பத்துக்கு மிஞ்சுவது 4,80,000. அவர் இல்லாமல் போனால், 8 சதவீத வட்டியில் எவ்வளவு முதல் போட்டால் அதே 4,80,000 ஆண்டுதோறும் வரும்? 4,80,000ஐ 0.08ஆல் வகுத்தால் 60 லட்சம். நீங்கள் வங்கியில் டெபாசிட் போடும்போது முதலிலிருந்து வட்டியைக் கண்டுபிடிக்கிறீர்கள். இங்கே வட்டியிலிருந்து முதலைக் கண்டுபிடிக்கிறீர்கள். அவ்வளவே.

மறுதேர்வுக்கு எவ்வளவு நாள் என்று கேட்டால், உங்கள் நிலையில் இரண்டு வாரம் என்பேன். இது விதி அல்ல, என் கணிப்பு. மறுநாளே எழுதியவர்களில் தேறியவர்களும் இருக்கிறார்கள், அதே மார்க் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். மூன்று மாதம் தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேர் எழுதவே வராமல் போனதுதான் என் அனுபவம். அந்த இரண்டு வாரத்தில் புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் உள்ள கேள்விகளுக்கு முதலில் விடை எழுதுங்கள். தவறான விடை எந்தப் பத்தியிலிருந்து வந்ததோ அந்தப் பத்தியை மட்டும் படியுங்கள். தவறியவற்றை ஒரு நோட்டில் கேள்வியாக எழுதாமல், ஏன் தவறினீர்கள் என்று எழுதுங்கள்: "அன்று என்பதைக் கவனிக்கவில்லை", "15, 30 குழப்பம்", "பொதுக் காப்பீட்டு விதியை ஆயுளுக்குப் போட்டேன்" என்று. மூன்றாம் நாளே உங்கள் ஓட்டை எது என்று அந்த நோட்டு காட்டிவிடும். முழுத்தாளாக இரண்டு மாதிரித் தேர்வு, கடிகாரம் வைத்து, போனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எழுதினால் போதும். வீட்டிலிருந்தே கேமரா முன் எழுதும் முறையும் இருக்கிறது என்றாலும், ஆள் குறுக்கே போகாத ஓர் அறை இல்லாத வீட்டில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மையத்துக்குப் போவதே நிம்மதி.

இனி அந்தக் கடைசி விஷயம். தேறி, நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை நீங்கள் ஏஜென்ட் அல்ல. காப்பீட்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி நியமனம் இல்லாமல் ஏஜென்ட்டாகச் செயல்படுபவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அப்படிப்பட்டவரைப் பயன்படுத்தும் கம்பெனிக்கு ஒரு கோடி வரை. ஏஜென்ட்டோ அனுமதி பெற்ற இடைத்தரகரோ அல்லாத ஒருவருக்குக் கமிஷன் கொடுப்பதை 40ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே டெவலப்மெண்ட் ஆபீசரின் மனைவியின் கோடில் நீங்கள் பாலிசி பிடிப்பதும், அதற்கான கமிஷனை அவர் உங்களுக்குத் தருவதும் முறையானவை அல்ல. இப்படிப் பரவலாக நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். "எல்லாரும் செய்றதுதானே" என்று அவர் சொல்வதும் பொய் அல்ல. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உங்கள் நலனை மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. உங்கள் அக்காவும் உங்கள் மாடியில் குடியிருப்பவரும் உங்களை நம்பித்தான் முதல் பாலிசி எடுப்பார்கள். அந்தப் பாலிசியில் ஏஜென்ட் என்று வேறொருவர் பெயர் இருக்கும். ஆண்டுதோறும் வரும் புதுப்பிப்புக் கமிஷன் அவருக்குப் போகும். நீங்கள் தேறிய பின் உங்கள் கோடில் தொடங்குவதற்கு நெருங்கிய சொந்தம் யாரும் மிச்சம் இருக்க மாட்டார்கள். அக்காவிடம், "தேர்வு எழுதிக்கிட்டிருக்கேன், ஒரு மாசம் பொறு" என்று சொல்லுங்கள். ஆபீசரிடம் சண்டை வேண்டாம். "சார், என் பேர்லயே முதல் பாலிசி போடணும்னு ஆசை" என்று சொன்னால் அவரால் மறுத்துப் பேச முடியாது.

தேதி கிடைத்ததும் பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். நம் ஊர் இனிஷியலை மும்பையில் சில இடங்களில் விரித்து எழுதிவிடுகிறார்கள். தந்தை பெயர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்ற குழப்பத்தில் ஒருவரை மைய வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் கூட நின்று பார்த்தேன். வித்தியாசம் இருந்தால் இன்றைக்கே கிளைக்குச் சென்று திருத்தச் சொல்லுங்கள். அந்த நோட்டில் பத்து வரி சேர்ந்ததும் இங்கே எழுதுங்கள். எந்தப் பாடத்தில் எதைப் பிடிக்க வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.